ஏழரை மணிப் பச்சை விளக்கு

இன்னாசிமுத்து ஒரு முடிவு எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் நமக்குக் கதை இல்லை, அவருக்கு நிம்மதி இருந்திருக்கும். என்ன செய்வது? மனுஷன் யோசிக்காமல் செய்த காரியமெல்லாம் எப்படியோ நல்லபடி முடிந்திருக்கிறது. கல்யாணம் உட்பட. உட்கார்ந்து யோசித்துச் செய்தது இது ஒன்றுதான்.

பொண்டாட்டி பார்க்கிற சீரியலை நிறுத்திவிடுவது. இதுதான் முடிவு.

பொண்டாட்டி இருப்பது அயர்லாந்தில். சீரியல் போவது புதுச்சேரி வில்லியனூரிலிருந்து. குழம்ப வேண்டாம், சொல்கிறேன்.

விஜயராணி நர்ஸ். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள். குளிரைத் தாங்கிக்கொண்டாள். உப்புச் சப்பில்லாத சாப்பாட்டையும் தாங்கிக்கொண்டாள். சீரியல் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. நம்ம சேனல் ஆப்பை அங்கே திறந்தால், 'உங்கள் நாட்டில் இது கிடைக்காது' என்று மூஞ்சியில் அடித்தமாதிரி சொல்லிவிடுமாம். "இது எப்ப எங்க நாடாச்சு?" என்று போனில் அழுதாள்.

மகள் சுவேதா கோயம்புத்தூர் ஆஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு சின்னப் பொட்டியை வாங்கிவந்து, ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இன்டர்நெட் ஒயரைச் சொருகினாள்.

"இதுக்குப் பேரு வி.பி.என்.ப்பா. அம்மா அங்க ஆப்பைத் தொறந்தா, இந்தப் பொட்டி வழியாத்தான் போவும். அம்மா நம்ம வூட்ல ஒக்காந்து பாக்கறாங்கன்னு ஆப்பு நெனச்சுக்கும்."

"வூட்லயா?"

"இதே ஹால்லப்பா."

அவள் சொன்னது தொழில்நுட்பம். இவர் எடுத்துக்கொண்டது வேறு.

தினம் சாயங்காலம் ஏழரைக்குச் சீரியல். ஏழரை ஆனதும் பொட்டியில் மூன்றாவது பச்சை விளக்கு படபடவென்று அடிக்கும். அடித்தால் விஜயராணி பார்க்கிறாள் என்று அர்த்தம். முதல் நாள் அதைப் பார்த்தவர், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் விளக்கு அடித்தது. அரைமணி நேரம் சாப்பிட்டார். விளக்கு நின்றதும் கை கழுவினார். மறுநாளும் அப்படியே. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. மீன்குழம்பு வைத்த அன்று, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்டி" என்று பொட்டியிடம் சொல்லவும் செய்தார். சிரிக்காதீர்கள். தனியாகச் சோறு தின்றவனுக்குத்தான் அது தெரியும்.

அந்தப் பொட்டி வீட்டுக்கு வைஃபையும் கொடுத்தது, ஆனால் தன் போனை அதில் அவர் சேர்க்கவே இல்லை. "நாம இழுத்தா அவளுக்குக் கொறையும்" என்பது அவர் கணக்கு. தெருக்குழாயில் தண்ணி பிடித்து வளர்ந்த ஆள். பாஸ்வேர்டு என்னவென்றுகூட அவருக்குத் தெரியாது. தாய்க்கும் மகளுக்கும்தான் தெரியும்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்தால் நேரே சாராயக்கடை, அங்கிருந்து எப்போது முடிகிறதோ அப்போது வீடு. இருபது வருஷத்துப் பழக்கம் அது. விஜயராணி அழுது பார்த்தாள், மாதா கோயிலில் சத்தியம் வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு வந்த பிறகு, ஏழரைக்குள் வீட்டில் இருக்க வேண்டுமே என்று நேரே வண்டியை விட்டார். சத்தியமே இல்லாமல் குடி விட்டுப்போனது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் விஜயராணி போன் பண்ணினாள். எப்போதும் அவருடைய சாப்பாட்டு நேரத்தில்தான் பண்ணுவாள்.

"சுவேதாப்பா, முப்பதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"இன்னா பதில்?"

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கறனா, கெளம்பறனான்னு."

"நீ இன்னா சொல்லப்போற?"

"யோசிக்கறேன். நீ இன்னா சொல்ற?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் சொல்ல வேண்டியது ஒரே சொல். 'வா.' ஓரெழுத்து. இன்னாசிமுத்துவின் தொண்டை வரைக்கும் அது வந்தது. வந்து என்ன? ஆம்பளை என்கிற வீம்பு குறுக்கே படுத்துக்கொண்டது.

"ஒன் இஷ்டம்" என்றார்.

"ஓ" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவருக்கு இரண்டாவது கவளம் இறங்கவில்லை. யோசிக்கிறாளாம்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் போய் உட்கார்ந்தார். பக்கிரி கேபிள்காரன். ஒரு காலத்தில் முந்நூறு வீட்டுக்கு ஒயர் இழுத்தவன், இப்போது நாற்பது வீடு. இன்டர்நெட் என்று யாராவது சொன்னாலே பல்லைக் கடிப்பான்.

"அவளுக்கு ஏன் இன்னாசி ஊரு ஞாபகம் வரும்?" என்றான் பக்கிரி. "தெனம் ஏழரைக்கு ஊரையே இங்கேர்ந்து அனுப்பி வுட்ற. எல்லாம் அங்கயே கெடைக்குதுல்ல? பொட்டியப் புடுங்கு. நாலு நாளு கதை தெரியாம தவிக்கட்டும். அஞ்சாம் நாளு பொட்டி படுக்கையோட வந்து நிப்பா."

"வருவான்ற?"

"பொம்பளைங்க புருசன வுட்டுட்டு இருந்துடுவாங்க. கதைய வுட்டுட்டு இருக்க மாட்டாங்க. நாப்பது வூடு வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்தார். மாதா படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினார். முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஏழரை ஆனது. பொட்டி செத்துக் கிடந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் ஒன்றும் அடிக்கவில்லை. சுவரில் பல்லி கத்தியது, அவ்வளவுதான். வீடு இவ்வளவு பெரிதா என்று அன்றைக்குத்தான் கவனித்தார். சோற்றை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தால், பக்கிரி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.

"வெறும் வூட்ல குந்திகினு இன்னா பண்ணப்போற? ஏறு."

ஏறிவிட்டார். எங்கே போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"இன்னா சுவேதாப்பா, நேத்து பொட்டி எரியலயா?"

மீன் மாட்டிக்கொண்டது என்று இவருக்குள்ளே ஒரு துள்ளல்.

"கரண்டு கட்டுடி."

"அப்பிடியா? பாத்து, இருட்ல எங்கயாச்சும் இடிச்சுக்கப்போற."

அதற்கடுத்த நாள் கேட்டாள். பல்லி உள்ளே விழுந்துவிட்டது என்றார்.

"ஐயோ பாவம். எடுத்துட்டியா?"

"எத?"

"பல்லிய."

"பாதி எடுத்துட்டேன்."

நான்காம் நாள் எலி ஒயரைக் கடித்தது. ஐந்தாம் நாள், தெருவில் குழாய் போடப் பள்ளம் தோண்டியவன் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். இவர் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

"இன்னிக்கு இன்னா?"

"காலையிலேர்ந்து கரண்டே இல்லடி."

"தலைக்கு மேல ஃபேன் சுத்துதே?"

நிமிர்ந்து பார்த்தார். சுற்றியது. வஞ்சனை இல்லாமல் சுற்றியது.

"அது... இன்வெர்ட்டரு."

"நம்ம வூட்ல இன்வெர்ட்டர் ஏது?"

"காத்துல சுத்துது."

"ம்" என்றாள் விஜயராணி. "கண்ணு ஏன் செவந்திருக்குது?"

"தூசி."

"ம்."

அழவில்லை, சண்டை போடவில்லை, கதை என்ன ஆச்சு என்று துடிக்கவில்லை. தூண்டில் போட்டவர்தான் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஏழரை மணி வந்து, அந்தச் செத்த பொட்டியைக் காட்டி, அவரைப் பக்கிரி வண்டியில் ஏற்றி அனுப்பியது.

நடுவில் பக்கிரியின் பொண்டாட்டி வேலம்மாள் மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க வூட்ல கரண்டு இருக்குதா?"

"இருக்குதே. ஏன்?"

"சொம்மாத்தான் கேட்டேன்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் பக்கிரியும் புலம்பினான். "இன்னான்னே தெரில இன்னாசி. ஒரு வாரமா வூட்ல பாத்திரமெல்லாம் பறக்குது. கொழம்புல காரம் ஏறிக்கினே போவுது." இரண்டு ஆண்களும் பொம்பளைகளைப் பற்றி வெகுநேரம் ஆராய்ந்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

முப்பதாம் தேதி வந்தது. மத்தியானம் கம்பெனி கேன்டீனுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அடித்தது.

"ராணி! இன்னா சொன்ன?"

"கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசம்."

இன்னாசிமுத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சீரியல் இல்லாம ஒனக்கு... ஊரு ஞாபகமே வரலயாடி?"

"சீரியலா? நான் பாத்தே எட்டு மாசம் ஆவுது."

"இன்னாது?"

"பொங்கலுக்கு அப்பறம் எனக்கு மத்தியான டூட்டி. நம்மூரு ஏழரைக்கு நான் இங்க ஒரு பாட்டிக்கு மாத்திரை குடுத்துக்கினு இருப்பேன்."

"அப்ப அந்த லைட்டு? நான் தெனம் பாத்தேனே! பட்பட்டுன்னு அடிச்சுதே!"

"அது வேலம்மாக்கா."

போனை ஒருதரம் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"நீ தெனம் மத்தியானம் சொல்லுவ இல்ல, 'நேத்து நீ வந்த ராணி, நான் பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டேன்'னு. டூட்டி மாறுச்சுன்னு அதுக்கு மேல எந்த வாயால சொல்றது? சொன்னா மறுநாளே நீ கடைக்குப் போயிடுவ. அதான் நம்ம பொட்டி பாஸ்வேர்ட அக்காகிட்ட குடுத்தேன். ஏழரைக்கு டான்னு சீரியல ஒன் போன்ல போட்டுடுக்கான்னேன். அதுக்கும் வூட்ல டி.வி. கெடைக்கறதில்ல. கேபிள்காரரு கிரிக்கெட்டையே போட்டுக்கறாரு."

எட்டு மாசம். மீன்குழம்பில் உப்பு தூக்கல் என்று அவர் சொன்னதெல்லாம் யாரிடம்?

"ஒரு நாள்கூட தப்பல ராணி, ஏழு மணிக்கெல்லாம் வண்டி சத்தம் கேட்டுடுதுன்னு அக்கா சொல்லும். நான் கெளம்பறேன்னு லெட்டரே எழுதி வெச்சிருந்தேன் சுவேதாப்பா. இன்னிக்குக் குடுக்கறதா இருந்தேன்."

"இருந்தியா?"

"இருந்தேன். ஒம்பது நாளா நீ எங்க போறன்னு அதே அக்காதான் சொல்லுச்சு. இருவது வருசம் பாத்ததையே திரும்பியும் வந்து பாக்கறதுக்கு, நான் இங்கயே பாட்டிங்களப் பாத்துக்கறேன்."

"ஐயோ ராணி! ஒன்ன வரவெக்கத்தான்டி பொட்டியப் புடுங்குனேன்! மாதா மேல சத்தியமா! கதை தெரியாம தவிச்சு வந்துடுவன்னு..."

விஜயராணியின் குரல் கம்மிப்போனது.

"வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பனேய்யா. வாயத் தொறந்து கேட்டனே, நீ இன்னா சொல்றன்னு. ஒன் இஷ்டம்னுட்ட. ஒயரப் புடுங்கத் தெரிஞ்ச ஒனக்கு அது வரலயே."

"இப்ப சொல்றேன். வா ராணி. வந்துடுடி."

"கையெழுத்துப் போட்ட பேப்பர நேத்து ராத்திரியே வாங்கிக்கினு போயிட்டாங்க. அதத் திரும்ப வாங்க முடியாது."

வேப்பமரத்துக்குப் பின்னால் மணி அடித்தது. எல்லாரும் வேலைக்குப் போனார்கள். இவர் மட்டும் நின்றார். மூக்கைச் சிந்திச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி, டூட்டிக்குப் போ" என்றாள் விஜயராணி. "சாயங்காலம் பொட்டிய மாட்டி வுடு."

"எதுக்குடி இனிமே?"

"மாட்டு. நான் சொல்றேன்ல."

ஷிப்ட் முடிந்தது. பத்துக்கண்ணு ஊரைத் தாண்டி, சாராயக்கடைப் பக்கம் வந்தபோது வண்டி தானாக மெதுவானது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். வீட்டுக்கு வந்து, மாதா படத்தை இந்தத் தடவை நேராகப் பார்த்து, ஒயரைச் சொருகினார். சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஏழரை ஆனது. மூன்றாவது விளக்கு படபடவென்று அடித்தது. யார் என்று தெரியும். தெரிந்தும் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு கணம் ஏமாந்துதான் போனது.

கண் கலங்க ஒரு வாய் எடுத்து வைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வேலம்மாள் குரல் கொடுத்தாள்:

"அண்ணே, சாப்ட்டியான்னு ராணி கேக்கச் சொல்லுச்சு! வெளம்பரம் முடியறதுக்குள்ள சீக்கிரம் சொல்லு!"