கதைக்கு எத்தனை பாத்திரம்?

பூட்டுக் கம்பெனியின் விற்பனை மேலாளர் அன்று மாலை ஒரு மகத்தான முடிவோடு வீடு திரும்பினார். விடிவதற்குள் கதை சொல்லக் கற்றுக்கொண்டுவிடுவது. இருபது வருஷமாகக் கட்டம் போட்டே பேசிப் பழகியவர். ஆபீஸில் பட்டப்பெயரே 'அட்டவணை'. புதிதாக வந்த இயக்குநர் அம்மாள், தலைமைக்கு வேண்டியது கற்பனை என்று சொல்லிவிட்டார். மறுநாள் கூட்டத்தில் யார் கதைக்குச் சபை "அப்புறம்?" என்று கேட்கிறதோ, அவருக்கே மண்டலத் தலைவர் நாற்காலி.

நாற்காலி வந்ததும் பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கித் தருவதாக மனைவிக்கு இரண்டு வருஷத்து வாக்கு வேறு. அவளையே உட்காரவைத்து ஆரம்பித்தார்.

"ஒரு ஊர்ல ஒரு பூட்டு இருந்துச்சு. எடை நானூறு கிராம்."

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு சாவி. துருப்பிடிக்காது."

அவள் கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. "கதைன்னா பாத்திரம் வேணுங்க."

"ஆபீஸ்ல கதை சொல்லப் பயிற்சி குடுத்தவரும் அதான் சொன்னார். எனக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல."

"சிங்க்ல நிறையக் கிடக்கு. வாங்க."

அவர் கையில் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள். ஒருத்தி கடைசி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாளாம். உள்ளே என்ன என்று புருஷன் கேட்டானாம். துணியை மடித்து வை, சொல்கிறேன் என்றாளாம். மடித்தானாம்.

"அப்புறம்?"

"குக்கர் அடியை அழுத்தித் தேய்ங்க. அப்புறம் ஜன்னலைத் துடைக்கச் சொன்னா."

"துடைச்சானா? அப்புறம்?"

வாணலி, தட்டு, டம்ளர் என்று கதை நகர்ந்தது. மூன்றாம் நாள் அவன் வீடு முழுக்கத் துடைத்து முடிக்க, அவள் பூட்டில் சாவியை நுழைத்தாள். அந்த இடத்தில் பாத்திரம் தீர்ந்துவிட்டது. கதையும் நின்றது.

காலையில் மிச்சத்தைக் கெஞ்சிக் கேட்டார். இன்னும் பாத்திரம் விழவில்லை என்று பதில் வந்தது. பரவாயில்லை, தேவை ஒரே ஒரு "அப்புறம்" தானே என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சபையில் மூன்று "அப்புறம்" விழுந்தது. இயக்குநர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"அவ்வளவுதான் மேடம்."

"அவ்வளவுதானா? ரூம்ல என்ன இருந்துச்சு?"

அட்டவணை போனை எடுத்தார். "வீட்ல கேட்டாத்தான் தெரியும்."

"கேளுங்க."

போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார்கள்.

"ஒண்ணுமே இல்லீங்க மேடம்," என்றாள் மனைவி. "காலி ரூம். பூட்டு மட்டும் நல்ல பூட்டு. அதைப் பார்த்தே மொத்த வேலையும் செஞ்சு முடிச்சிட்டார்."

சபை குலுங்கிச் சிரித்தது. கதைப் புருஷனின் 'முடிச்சான்' எப்போது 'முடிச்சார்' ஆனது என்பது அட்டவணைக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

நாற்காலி கிடைத்துவிட்டது, வாரம் ஒரு கதை என்ற நிபந்தனையோடு. சாயங்காலமே மெஷின் பார்க்கக் கடைக்குக் கூப்பிட்டார். மனைவி நாரை நீட்டினாள்.

"மெஷின் எதுக்குங்க? அது 'அப்புறம்'னு கேக்காதே."