ஓம் சொன்ன அல்பாகா

கேட்டி என்ற ஊருக்கு மேற்கே, சேனாபதி வீட்டு அல்பாகா ஓம் சொல்கிறது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ கிளம்பியது. ஞாயிறு காலை டாலஸிலிருந்து இரண்டு வேன் வந்து நின்றது. நான்கு மணி நேரம் ஃப்ரீவேயில் வந்தவர்கள் இறங்கியதும் பயபக்தியாகச் செருப்பைக் கழற்றினார்கள். காலடியில் முள்ளுப் புல். அதையும் சாமி வைத்த சோதனை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் அரை மணி நேரத் தரிசனத்துக்கு டோக்கன் வந்துவிட்டது. க்ரீன் கார்டுக்கு ஒரு வரிசை, விசா லாட்டரிக்கு ஒரு வரிசை, பிள்ளையின் மெடிக்கல் அட்மிஷனுக்கு ஒரு வரிசை. கடவுளே வந்தாலும் கேட்டகரி பிரித்து நிற்கத் தெரிந்த சனம் அல்லவா!

அல்பாகா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதுகில் திமில் கிடையாது, உடம்பெல்லாம் கம்பளி. சேனாபதி இரண்டு வாங்கியது பக்தியால் அல்ல. நிலத்தில் கால்நடை வளர்த்தால் சொத்து வரி குறையும் என்று ஒரு பர்த்டே பார்ட்டியில் யாரோ சொன்னார்கள். மனிதர் மறுவாரமே வாங்கிவிட்டார். வெள்ளைக்கு மகள் ரோஷினி இட்லி என்று பெயர் வைத்தாள், பழுப்புக்கு வடை.

ஓம் கண்டுபிடித்தவர் தீபக்ஜி. முன்பு கிரிப்டோ வகுப்பு நடத்தியவர். அது படுத்துக்கொண்டதும் அவருக்குப் பிராணிகளின் பாஷை புரிய ஆரம்பித்தது. ஒருநாள் சேனாபதி வீட்டு விருந்துக்கு வந்த அவர்மேல் வடை துப்பியது. அதை ஷெட்டில் அடைத்தார்கள். சற்று நேரத்தில் தனியாக நின்ற இட்லி வாயைத் திறக்காமல் "ம்ம்ம்ம்" என்று முனகியது. தீபக்ஜி கண்ணை மூடினார். திறந்தபோது இட்லி, ஸ்ரீ பிரணவேஸ்வரர் ஆகியிருந்தது. தரிசன நேரத்தில் வடைக்கு ஷெட்தான். வேலியில் உண்டியல் தொங்கியது, பக்கத்திலேயே பணம் அனுப்ப கியூஆர் கோடும்.

சேனாபதியின் மனைவி வள்ளி மட்டும் இட்லி மேய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். எது எப்போது நடந்தது, அதற்கு முன்னால் எதை மாற்றினோம் என்று பார்க்கிற புத்தி அவளுடையது. இட்லி பத்து நாளாகச் சரியாக மேயவில்லை, அடிக்கடி படுத்துக்கொண்டது. தீபக்ஜியிடம் சொன்னால், சுவாமி விரதம் இருக்கிறார் என்றார். விரதத்தை முன்னிட்டு இன்னொரு வரிசையும் திறந்தார்.

வள்ளி கிளினிக் கிளினிக்காக போன் போட்டாள். பதினோரு இடம். நாய் பார்ப்போம், பூனை பார்ப்போம், அல்பாகா மாட்டோம். ஒருவர் மட்டும், ஆடு மாதிரிதானே, கூட்டி வாருங்கள் என்றார். இதுவரை எத்தனை அல்பாகா பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இனிமேல்தான் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். கடைசியில் இட்லியை விற்ற பண்ணைக்காரம்மாவே ஒரு நம்பர் கொடுத்தார். டாக்டர் மெண்டோசா, இரண்டரை மணி நேரத் தொலைவு.

டாக்டர் போனிலேயே, கம்பளியை நம்பாதே, கையை உள்ளே விட்டு முதுகெலும்பைத் தொட்டுப் பார் என்றார். வள்ளி தொட்டாள். வெளியே மெத்தைபோல் இருந்த பிராணிக்கு உள்ளே வெறும் எலும்பு. கீழ் இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் வள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்ததும் கிளம்பி வருகிறேன் என்றார் டாக்டர்.

விடிந்தால் சனிக்கிழமை, பௌர்ணமி ஸ்பெஷல் தரிசனம். இருநூறு பேர். டாக்டரின் பிக்கப் டிரக்கைப் பார்க்கிங் வாலண்டியர்கள் வழிமறித்து, டோக்கன் இருக்கிறதா என்று கேட்டார்கள். வள்ளி போய் அழைத்துவந்தாள். வேலிக்குள் நுழைய விடாமல் தீபக்ஜி குறுக்கே நின்றார்.

"சிஸ்டர், சுவாமி மந்திரத்துக்கு பதில் சொல்ற நேரம். ஊசி கீசி போட்டா எனர்ஜி கட் ஆயிடும்."

"மந்திரத்துக்குத்தான் பதில் சொல்லுதா?"

"வேற எதுக்கு?"

"அப்ப ஒரு டெஸ்ட். அஞ்சே நிமிஷம்," என்றாள் வள்ளி.

டாக்டரிடம் கேட்டாள். ஐந்து நிமிடம்தான், அதற்கு மேல் தாங்காது என்றார் அவர். வள்ளி ஷெட்டைத் திறந்து வடையைக் கூட்டிவந்து இட்லி பக்கத்தில் நிறுத்தினாள். தீபக்ஜி மந்திரம் சொன்னார். இட்லி வடையின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. தீபக்ஜி குரலை உயர்த்தினார். ம்ஹூம்.

"அந்த பிரவுன் தாமச குணம். அதான் தடுக்குது," என்றார் தீபக்ஜி. கூட்டம் தலையாட்டியது. அதற்கென்ன, தலையாட்டக் கழுத்து இருந்தால் போதுமே.

"சரி, அதை ஷெட்டுக்குள்ள விடறேன். இந்தத் தடவை நீங்க பேசாதீங்க. மந்திரம் நான் சொல்றேன்."

வடை போனது. வள்ளி போனை எடுத்து, அந்த வார மளிகை லிஸ்டை ராகம் போட்டு வாசித்தாள். துவரம்பருப்பு, கறிவேப்பிலை, பேப்பர் டவல். பேப்பர் டவல் வந்ததும் இட்லி, "ம்ம்ம்ம்" என்றது. முன்வரிசையில் நின்ற காமாக்ஷி ஆன்ட்டி பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வள்ளி வாயையே திறக்கவில்லை. அப்போதும் முனகல். வடை திரும்பி வந்ததும் அது நின்றது. ரோஷினி மட்டும் சொன்னாள்: "அம்மா, ஹி ஜஸ்ட் மிஸ்ஸஸ் ஹிஸ் ஃப்ரெண்ட்."

இருநூறு பட்டதாரிகள் வாயைப் பிளந்து நின்றார்கள். தீபக்ஜி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சேனாபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இத்தனை நாள் சந்தனம் அரைத்துக் கொடுத்த கையை நீட்டிக் கேட்டார்.

"மொத வாரமே கேட்டீங்களே தீபக். ரெண்டையும் பிரிச்சு வெச்சா எவ்வளவு நேரம் முனகும்னு. அரை மணி நேரம்னு நாந்தான் சொன்னேன். அதனாலதான் தரிசனமும் அரை மணி நேரமா?"

தீபக்ஜிக்குப் பிராணிகளின் பாஷைதான் தெரியும். உண்டியலைக் கழற்ற அவர் வேலிப் பக்கம் போனபோது வடை குறி பார்த்துத் துப்பியது. அப்படியே காருக்கு ஓடினார்.

டாக்டர் அதற்குள் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்திருந்தார். வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு என்றார். இன்னும் இரண்டு நாள் விரதம் இருந்திருந்தால் சுவாமி நேராகக் கைலாசம்தான். இட்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேனாபதி விசும்பினார். கூட்டத்தில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, இன்றைய டோக்கன் அடுத்த பௌர்ணமிக்குச் செல்லுமா என்று விசாரித்தார்.

போகும்போது டாக்டர் ஒன்று சொன்னார். எட்டு வீடாவது சேர்ந்து கூப்பிட்டால் மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருவேன். கால்நடை படுத்த பிறகு கூப்பிட்டால் என்னாலும் ஒன்றும் ஆகாது. வள்ளி அன்றைக்கே பக்தர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு "டாக்டர் மெண்டோசா, மாதம் ஒரு நாள்" என்று பெயர் மாற்றினாள். நானூறு பேர் வெளியேறினார்கள். ஒன்பது பேர் மிஞ்சினார்கள், எல்லோரும் ஆடோ லாமாவோ வளர்ப்பவர்கள். எட்டே போதும் அல்லவா?

ஆறு வாரம் கழித்து காமாக்ஷி ஆன்ட்டி தேங்காய் பழத்தோடு வந்தார். இட்லியும் வடையும் ஒட்டி நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஆன்ட்டி வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா வள்ளி, இப்பல்லாம் ஒண்ணுமே சொல்றதில்லையா?"

"அதுக்கு குணமாயிடுச்சு ஆன்ட்டி," என்றாள் வள்ளி. "உங்களுக்கு எப்ப?"