இடதுபுறத்தில் நின்றவர்கள்

புதுக்கடை,
4 ஆகஸ்ட் 2013

அன்புள்ள சிஜினுக்கு,

சத்தியபாய் மாமி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு நான் நலம். மாமா நலமென்று மாமா சொல்கிறார். பெங்களூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்கும் போகிறாய் என்று நம்ப விரும்புகிறேன்.

அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தாய். என் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்தவர் மாமா. ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

போன மாதம் லீவுக்கு வந்தபோது எங்கள் டிவியில் உன் கம்பெனி செய்கிற அந்தக் கார் ஓட்டும் விளையாட்டை இணைத்து, சாப்பாட்டு மேசையில் ஸ்டீயரிங்கைத் திருகு போட்டு முறுக்கி வைத்து, ஓட்டிப் பார்த்துக் குறைகளை எழுதும்படி சொல்லிவிட்டுப் போனாய். பந்தயம் இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு சாதாரண ஆள் நம் மாவட்டத்துச் சாலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மீன் வாங்கி, ஒரு கல்யாணத்துக்குத் தலைகாட்டி, யாரையும் இடிக்காமல் வீடு திரும்பினால் வெற்றி என்றாய். இதை விளையாட யார் வருவார்கள், வாசலுக்கு வெளியே இதுதானே நடக்கிறது என்று அன்றைக்கே கேட்டேன். அந்தக் கேள்வியை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலை என்பதால் குறைகளைச் சொல்கிறேன்.

உன் பேருந்துகள் நிறுத்தத்தில் நிற்கின்றன. நம் பேருந்துகள் நிறுத்தத்தைத் தாண்டி, ஏறுகிறவர்கள் ஓடிவருகிற தூரத்தில் நிற்கும். எதிரெதிரே வரும் இரண்டு கார்க்காரர்கள் நடுரோட்டில் கண்ணாடியை இறக்கி ஒருவர் வீட்டுச் சுகத்தை ஒருவர் விசாரிப்பதும், பின்னால் நிற்கிற ஏழு வண்டிகளும் அந்த விசாரிப்பு முடியும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதும் உன் விளையாட்டில் இல்லை. திருவிழாப் பந்தல் பாதிச் சாலையை அடைத்து நிற்கவில்லை. இவற்றையெல்லாம் நீ சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்க முடியாதது ஒன்று உண்டு. நம் ஊரில் சாலையைக் கடக்கிறவர்கள் வண்டியைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். யார் வருகிறார் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். உன் விளையாட்டில் கண்ணாடிக்குப் பின்னால் முகமே இல்லை. இதை நான் கண்டுபிடித்த விதத்தைத்தான் இனி எழுதப்போகிறேன்.

மே மாதம் மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனது உனக்குத் தெரியும். கண்ணில் அழுத்தம், இடதுபக்கப் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது, இனிக் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னது தெரிந்திருக்காது. அந்த டாக்டர் எட்டாம் வகுப்பில் மாமாவிடம் படித்தவர். திரும்பி வரும் வழியெல்லாம், மாமாவே கார் ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம், “இவனாக்கும் எனக்குப் பாடம் எடுக்கான்! கால் பரீட்சையில கணக்குக்கு எட்டு மார்க்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். காரின் இடதுபக்கக் கண்ணாடி இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை மாற்றப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் கார் நின்றுகொண்டிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போனார்கள் என்பது மாமாவின் வாக்குமூலம். அதன் பிறகு நான் எத்தனையோ விதமாகச் சொல்லியும் பயன் இல்லை. இந்த நிலையில்தான் வருகிற பதினாலாம் தேதி ஜாஸ்மி இரண்டு மாதக் குழந்தையோடு மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறாள். மகளும் முதல் பேரப்பிள்ளையும் தன் காரில்தான் வீட்டுக்கு வர வேண்டும், அதைத் தான்தான் ஓட்ட வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். “சிஜினுக்கு ஒரு நல்ல டிரைவரின் அபிப்பிராயம் வேண்டுமாம்” என்றேன். ஒரு தலைமையாசிரியர் ஓய்வுபெற்று ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆன பிறகு அவரிடம் அபிப்பிராயம் கேட்டால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, நாற்காலியை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு, ஹாரன் எது என்று முதலில் கேட்டு உட்கார்ந்தார். வீட்டு வாசலில் இருந்து புறப்பட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் ஏழு இடி. நிறுத்தியிருந்த ஆட்டோ ஒன்று, சைக்கிள் ஒன்று, மைல்கல் ஒன்று, மனிதர்கள் நான்கு பேர். ஏழும் இடதுபக்கம்.

“அந்த ஆட்டோக்காரனாக்கும் வந்து கேறினது” என்றார்.

“அது நிறுத்திப் போட்டிருந்த ஆட்டோ.”

“நிறுத்திப் போட்டவன் ஹாரன் அடிச்சப்பொறவும் எடுக்க வேண்டாமா? இதுல எல்லாவனும் அப்பிடித்தான் நிக்கான். எவன் இவனுவளுக்கு ரோட்டுல நிக்கப் படிச்சு குடுத்தது? எனக்க வண்டின்னு அவனுவளுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். “அப்ப சிஜினுக்கு எழுது, சவம் இது செரியில்லன்னு. நெசமான ரோட்டுல நான் இதுவரை ஒரு கோழியக் கூட இடிச்சதில்ல” என்று எழுந்து போய்விட்டார்.

சிஜின், நான் முப்பது வருடம் முன்பு இயற்பியல் படித்தவள், இருபத்து மூன்று வருடமாக அதைக் கற்பிக்கிறவள். கோழி விஷயம் உண்மை என்பது என்னை உறுத்தியது. விளையாட்டில் ஏன் இடிக்கிறார் என்பதற்கு விடை எனக்கு மே மாதமே தெரியும். சாலையில் ஏன் இடிக்கவில்லை என்ற கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மறுநாள் கல்லூரிக்குப் போகும்போது ஆட்டோ ஓட்டிய குமாரதாஸிடம் கேட்டேன். ஜங்ஷன் தாண்டிய பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

“நான் சொன்னேன்னு சாருக்குத் தெரியப்பிடாது, டீச்சர். சாருக்க வண்டி வளைவு திரும்பச்சிலயே நாங்க ஆட்டோவ ஓரங்கட்டிருவோம். கடையில இருக்கவனுவ எல்லாம் எந்திச்சு ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருவானுவ. பள்ளிக்கூடப் பிள்ளையள யாராவது பிடிச்சு நிறுத்திருவோம். ஒரு வருசமாச்சு.”

“யாரும் அவரிடம் சொல்லவில்லையா?”

“நல்ல கதை! ஸ்டாண்டுல பாதிப் பேரு அவருக்கிட்ட அடி வாங்கினவனுவ. எவன் போய் சொல்லுவான்? நீங்க சொல்லப்பிடாதா?”

அன்று வகுப்பில் உராய்வு பற்றி என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. இந்த ஊரே ஒரு வருடமாக மாமாவுக்காகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறது. மாமா ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருக்கிறார். திருவனந்தபுரம் போகிற வழியில் களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. அங்கே சாலை முழுவதும் உன் விளையாட்டில் நிற்பதைப் போன்ற மனிதர்கள்தான். அந்த அளவில் உன் விளையாட்டு மிகச் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது. இது பாராட்டு, அறிக்கையில் சேர்த்துக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியது. மாமா டாக்டரை நம்பமாட்டார், மனைவியை நம்பமாட்டார், மதிப்பெண் பட்டியலை நம்புவார். உன் கம்பெனியின் தலைப்பிட்ட தாளில் திரு. ஞானதாசன் அவர்களுக்கு என்று விலாசமிட்டு, சோதனையில் பங்கேற்றவர்களில் அவர் ஒருவர்தான் இடதுபுறத்தில் தேர்ச்சி பெறவில்லை என்றும், மற்ற அனைவரும் தேர்ச்சி என்றும், கையெழுத்தும் முத்திரையும் வைத்து பத்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு. மற்றவர்கள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐம்பதை நெருங்கும் வயதில் பொய்ச் சான்றிதழ் கேட்கிறேன் என்பதும் தெரியும். குழந்தை, ஜாஸ்மியின் மடியில், அந்தக் காரின் இடதுபக்க இருக்கையில்தான் வரும். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. முக்கியமாக இருசக்கர வாகனத்தில்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமி,
சத்தியபாய்

பி.கு.: அந்த மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன், நான் ஓட்டாமலே பிறர் ஓட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறேனே என்று தோன்றி, இன்று மத்தியானம் நானும் விளையாடிப் பார்த்தேன். மாமா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினேழு இடி. மாமாவுக்கு ஏழு, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்குப் பதினேழு! பள்ளிக்கூடம் கண்ணுக்கே தெரியவில்லை. என் நிரூபணம் அதோடு போயிற்று. மாமாவுக்கு ஒரே உற்சாகம். “பைய, பைய… நேர லாறி வருது… வலது பக்கம் ஸ்கூட்டரு பாரு ஏட்டி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாக மீன்சட்டி வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு பெண்ணை இடித்தேன். எல்லாவற்றையும் சொன்னவர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எதை? அங்க ஒண்ணும் இல்லியே.”

மாமா மெதுவாகத் தலையை முழுவதும் திருப்பி டிவியின் இடது ஓரத்தைப் பார்த்தார். மீன் சாலையில் கிடந்தது. வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நெசமான ரோட்டுல நான் யாரையும் இடிக்கலியே, அதெப்பிடி?”

குமாரதாஸ் கேட்டுக்கொண்டபடி, அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஸ்டீயரிங்கின் திருகைக் கழற்றத் தொடங்கினார்.

“நான் போறப்ப எல்லாரும் எந்திச்சு நிக்கது மரியாதைக்குன்னுல்லா நெனச்சேன்” என்றார்.

“அதுவும் உண்டு” என்றேன்.

திருகு முழுவதும் கழன்று வந்த பிறகு, “பதினாலாம் தேதிக்கு ஒரு டாக்சி சொல்லிரு” என்றார். “நம்ம ஊரு டிரைவரு வேண்டாம்.”