மிலுத்தினுக்குத் தேதி குறித்தாயிற்று

திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வாங்கியே தீருவது என்று மிலுத்தின் சபதம் போட்டது போன டிசம்பரில். அவர்கள் வீட்டுப் புனிதரான நிக்கோலாஸின் திருநாள் அன்று, மீன் விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னிலையில். கையில் பிளம் சாராயம் இருந்தது. சபதங்கள் சுலபமாக வரும் நேரம் அது.

காரணம் இல்லாமல் இல்லை. வால்யெவோ நகரில் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் பல வருஷமாக எல்லா வேலையையும் ஓடி ஓடிப் பார்ப்பவர் அவர்தான். ஆனால் சான்றிதழ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நேற்று முளைத்த நெமான்யா அவருக்கு மேலதிகாரி ஆகிவிட்டான். அந்த வலி நிஜமான வலி.

ஆகவே படிக்க ஆரம்பித்தார். படிப்பு என்றால் சும்மாவா? முதலில் படிப்பதற்கு ஒரு திட்டம் போட்டார். பிறகு அந்தத் திட்டத்தைச் சரிபார்க்க ஒரு திட்டம். சுவர் முழுக்க வண்ண வண்ணச் சீட்டுகள். குளியலறையில் பாதிச் சுவருக்கு ஓடு பதித்து மீதி மொட்டையாக நின்றது. கேட்டால், "படிக்கிறேன்." மாமியார் வீட்டு வேலி சாய்ந்துவிட்டது என்று போன் வந்தால், "படிக்கிறேன்." இப்படியே கோடை போயிற்று. குளிர்காலச் சேமிப்புக்காகத் தெருவே கூடிக் குடமிளகாய் சுடும் மாதமும் போயிற்று. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டாயிற்று, பரீட்சைக்கு வசதியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று வசந்தத்திலேயே பதில் வந்திருந்தது. வசதியான தேதிதான் கிடைக்கவில்லை.

மனைவி ராட்மிலா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நான் கேள்வி கேக்கறேன், நீ பதில் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மிலுத்தினுக்குப் பெருமை பிடிபடவில்லை. சோபாவில் வாகாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால்தான் அவருக்கு விடை வரும்.

"ஒரு வேலையில பத்துப் பேர் பத்து விதமாப் பேசறாங்க. மேலாளர் முதல்ல என்ன செய்யணும்?"

"எல்லாரையும் உக்காரவெச்சு, காது குடுத்துக் கேக்கணும்."

"அட! வீட்டுலயும் அப்படித்தானா?"

"கேள்வியை மட்டும் கேளு."

"சரி, அடுத்தது. ஒரு மேலாளர் வருஷம் பூரா திட்டம் போடறார். திட்டம் வளந்துக்கிட்டே போகுது. தொடங்கற தேதி மட்டும் இல்ல."

மிலுத்தின் சத்தமாகச் சிரித்தார். "இவனையெல்லாம் யாரு மேலாளர் ஆக்கினது? அவன் திட்டம் போடல ராட்மிலா, பயந்துபோய் ஒளிஞ்சிக்கிட்டிருக்கான்."

"அது கிடக்கட்டும். என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"நகர்த்த முடியாத மாதிரி ஒரு தேதி குறிக்கணும். சம்பந்தப்பட்ட எல்லார்கிட்டயும் சொல்லிடணும். அப்புறம் எங்க ஓடுவான்?"

"அவர் குறிக்கலேன்னா?"

"கூட இருக்கறவங்க குறிக்கணும். தயவுதாட்சண்யமே கூடாது!"

"நிச்சயமா?"

"வேணும்னா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கோ."

"புரட்டணும்னா நீ கொஞ்சம் தலையைத் தூக்கணுமே."

மிலுத்தின் தலைக்கு அடியில் துழாவினார். புத்தகம் அங்கேதான் இருந்தது. ராட்மிலாவின் கையில் இருந்தது கைபேசி.

"டிசம்பர் பதினெட்டு, பெல்கிரேடுல," என்றாள். "பதிவு பண்ணியாச்சு."

"என் கடவுச்சொல் உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பிறந்தநாள்தானே? அப்படியாவது உனக்கு ஞாபகம் இருக்கட்டும்னு நான்தானே வெச்சுக் குடுத்தேன்."

"பத்தொன்பது நம்ம புனிதர் நாளாச்சே! மாத்து, மாத்து!"

"யாரை? புனிதரையா?"

புனிதர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, அவர்களாகவே வருவதுதான் வழக்கம். அதனால் யாரையும் வராதே என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் சபதத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் வருவார்கள். கோட்டைக் கழற்றுவதற்குள், என்ன ஆச்சு என்பார்கள்.

"எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள் ராட்மிலா. ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மிலுத்தின் எழுந்து உட்கார்ந்தார். ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று அவர் வாயாலேயே சொல்லியாயிற்று. தயாராகிக்கொண்டே இருக்கிறவன் தோற்பதில்லை. இந்த ஒரு வருஷ நிம்மதியின் ரகசியமே அதுதான். நெமான்யா மேல் இருந்த கோபத்தைவிட, ஐம்பதை நெருங்குகிற வயதில் தோற்றுப்போகிற பயம் பெரிதாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"தோத்துட்டா?" என்றார். குரல் எழும்பவில்லை.

"நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நீ அதுவரைக்கும் சமையல்கட்டுல நில்லு. திரும்ப எழுதிக்கலாம், என்ன இப்போ? நீ எழுதாம உக்காந்திருக்கறதைத்தான் என்னால பார்க்க முடியல."

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. ஆனாலும் பழகிய மூளை சும்மா இருக்குமா? இதிலும் ஒரு சந்து தெரிந்தது.

"சரி, எழுதறேன். ஆனா பெல்கிரேடு வரைக்கும் போய் வரணும் பாரு. அதனால இந்த வருஷம் நாற்காலி தூக்கறது, மீன் வாங்கறது, எதுக்கும் என்னைக் கூப்பிடாதே."

"நாற்காலிக்கு உன் தம்பி வரான்," என்றாள் ராட்மிலா. "பரீட்சைக் கூடத்துக்கு எதிர்லயே மீன் சந்தை. ஒரு டஜன் கெண்டை சொல்லிவெச்சிருக்கேன். பாஸோ பெயிலோ, மீன் வந்தாகணும்."