பாலத்து நடுவே இரண்டு விரல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் சம்பந்தப்பட்டவரையே போய்க் கேட்கலாம். அவர் பதில் சொல்லமாட்டார் என்பது வேறு விஷயம். வேலையிலிருந்த காலமெல்லாம் பஸ் ஓட்டிய அந்த மனிதருக்கு டிப்போவில் 'சைலன்ஸர்' என்றுதான் பெயர்.

அன்று சாயங்காலம் சைலன்ஸர் தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, வராத வயிற்றுவலியை வரவழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்றாள் மனைவி, மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி.

"இந்தப் பக்கம்."

"இப்பத்தான் அந்தப் பக்கம்னீங்க. பரவாயில்ல, தியேட்டர்ல உக்காந்துதானே இருக்கப் போறோம். அது பாட்டுக்கு வலிக்கட்டும்."

பழைய மோட்டார் பந்தயப் படம் ஒன்றைத் தூசி தட்டி மறுபடி திரையிட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் மனிதர்கள் அதிகம் பேசமாட்டார்கள், வண்டிகள்தாம் பேசும். கடைசியில் கதாநாயகன் தோற்றுப்போய், புழுதி அப்பிய காரிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு அப்பால் நிற்கும் காதலியைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. படம் முடிந்துவிடும்.

அது முதல்முறை ஓடிய மாதத்தில்தான் சைலன்ஸர், பாலத்தின் நடுவே, எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து ஸ்டியரிங்கிலிருந்து அதே மாதிரி இரண்டு விரலைத் தூக்கினார். அந்த பஸ்ஸின் முன்சீட்டிலிருந்த பெண் சிரித்தாள். மறுநாளும் சிரித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது. "உங்க அப்பா அந்த ஹீரோ மாதிரியே ரெண்டு விரல் காட்டினார்" என்று அவள் சொல்லச் சொல்லத்தான் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

கதையில் ஒரே ஒரு குறை. சைலன்ஸர் விரல் காட்டியது அவளுக்கு அல்ல. டிரைவர்களுக்குள் ஒரு விரல் என்றால் வணக்கம். இரண்டு விரல் என்றால், 'முன்னால் டிக்கெட் செக்கிங் நிற்கிறது, கண்டக்டரை உஷார்ப்படுத்து.' எதிர்வண்டி டிரைவருக்குப் போன சேதி அது. அந்த டிரைவருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததே அவள் சிரித்த பிறகுதான் இவருக்குத் தெரியும்.

அப்படி ஒரு சிரிப்பை, விலாசம் தவறி வந்தது என்று திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? வாயை மூடிக்கொண்டார். நாற்பது வருடமாக அது திறக்கவில்லை.

தியேட்டருக்கு மனைவியின் தம்பியும் வந்திருந்தார். தலை வழுக்கையாகியும், அக்கா போகுமிடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை விடாதவர்.

படம் ஓடியது. வண்டிகள் உறுமின. சைலன்ஸரின் இடது கை தானாகக் கியரைத் தேடி, மைத்துனரின் முழங்காலை இரண்டாவது கியருக்குத் தள்ளியது.

என்ஜின் மூடியின் சூடு காலில் ஏறுவது போலிருந்தது அவருக்கு. மழைநாளில் ஒற்றை வைப்பர் மட்டும் அழுதுகொண்டே துடைக்கும் கண்ணாடி. பாலத்துக்கு அடியிலிருந்து வரும் ஆற்றுவாடை. அவர் ஓட்டிய வண்டியைச் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்துவார்கள். அவள் சிரித்த அன்று மட்டும் ஆறு சக்கரமும் தரையில் படாமல் பாலத்தைத் தாண்டியதாகக் கண்டக்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்குகள் எரிந்தன. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா கேக்கணும்னே தோணல. அந்த ரெண்டு விரலுக்கு என்னதாங்க அர்த்தம்?"

"எந்த ரெண்டு விரல்?"

"உங்க விரல்தான்."

முன்வரிசையில் ஒருவர், "ரேஸ்ல ரெண்டாவதா வந்தான்ல, அதைத்தான் காட்டுறான்" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சைலன்ஸர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவதுன்னு அர்த்தம்."

"ஓஹோ." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "நான் ரெண்டாவது. அப்ப மொதல்ல யாரு?"

மைத்துனர் பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அது இல்லம்மா. வெற்றி. ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம்."

"நான் சிரிக்கிறதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சா? அவ்வளவு திமிரு இருந்துச்சா உங்களுக்கு?"

"இல்ல இல்ல. நமக்கு ரெண்டு குழந்தைங்க போதும்னு..."

"பேர் தெரியாத பொண்ணுகிட்ட, ஓடுற பஸ்ல, குழந்தைக் கணக்கு?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நமக்கு மூணு. அப்ப சின்னவன் வேண்டாத பிள்ளையா? இருங்க, அவன்கிட்டயே சொல்றேன்."

சொல்லியும்விட்டாள். போனுக்குள்ளிருந்து சின்னவனின் குரல் வந்தது: "அப்பா, இதை என் பொண்டாட்டி பக்கத்துல இருக்கறப்பவா சொல்லணும்?"

இன்னொரு அர்த்தம் சொன்னால் மூத்தவனும் நடுவுள்ளவளும் வரிசையில் வருவார்கள். பாதை முடிந்துவிட்டது, இனி பிரேக்தான்.

"போனை வை. உண்மையைச் சொல்லிடறேன்," என்றார். "அது உனக்குக் காட்டினதே இல்ல. செக்கிங் நிக்குதுன்னு உங்க டிரைவருக்குக் காட்டினேன். நடுவுல நீ சிரிச்சே. அந்தச் சிரிப்பை விட மனசில்லாம நான் பேசாம இருந்துட்டேன். நாற்பது வருஷமா தினம் பயந்துட்டுத்தான் இருக்கேன். இனிமே நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அவள் கோபப்படவில்லை. அழவுமில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

மைத்துனர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்க்கா, இன்னுமா நீ அத்தான்கிட்ட சொல்லல?"

"நீ சும்மா இருடா."

அவர் சும்மா இருக்கவில்லை.

"நாங்க அந்த பஸ்ல ஒருநாளும் டிக்கெட் எடுத்ததில்ல அத்தான். நீங்க ரெண்டு விரலைத் தூக்கினா, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவோம்."