என் கல்லறைக்கு நான் போய் வந்த விவரம்

கர்த்தர் கிருபையால் டேட்டன் நகரில் நலமாயிருக்கும் அக்கா ஒவெல்லாவுக்கு, இன்னும் உயிரோடிருக்கும் தங்கை டெல்ஃபா எழுதுவது. என் வீட்டுக்காரர் ஹோபர்ட் சுகம். கோழிகள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், ஏழாம் வகுப்பு வரை போனவள் நீதான்.

சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது அக்கா. மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை, நான் நீயாக இருந்தேன். உன் பெயர் கெடும்படி எதுவும் செய்யவில்லை. இரண்டு தடவை சாப்பிட்டேன், அதுவும் நீ செய்வதுதான்.

எல்லாம் என் மகள் டாரா லின் பாட்டால் வந்தது. அவள் ஆறு வருஷம் நாஷ்வில்லில் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைந்து, மதுக்கடை மூலைகளில் பாடி, டிவி தொடர் ஒன்றில் காப்பி ஊற்றும் பெண்ணாக நாலு வாரம் வந்து, எதுவும் எடுபடாமல் கிடந்த சமயத்தில்தான் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினாள். அதில் நான் மூன்றாவது சரணத்தில் செத்துப்போகிறேன். நிஜத்தில் அவள் மூன்றாவது சரணத்துக்கு வருவதற்குள் நான் வீட்டுக்கு வந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி என்னைக் கொன்னே?" என்று கேட்டேன். "நீ பொழச்சா பாட்டு முடிய மாட்டேங்குதும்மா" என்றாள். அந்தப் பாட்டு ரேடியோவில் பிய்த்துக்கொண்டு போனது. பேட்டியில் அம்மா எங்கே அடக்கம் என்று கேட்டவர்களிடம், எங்கள் ஊர் மேட்டில் தேவதாரு மரத்தடியில் என்று சொல்லி அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து ஹோபர்ட் என்னை "மறைந்த டெல்ஃபா" என்றுதான் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

இப்போது அந்தப் பாட்டைப் படமாக எடுக்கிறார்கள், அம்மா வேஷம் டாரா லினுக்கே. கலிபோர்னியாவிலிருந்து கிம்பல் என்று ஒரு படக்கார அம்மாள், எல்லாம் உண்மைக் கதை என்றுதான் பணம் போடுகிறாளாம், கல்லறையைப் பார்த்த பிறகுதான் கையெழுத்தாம். அதுவும் வருவது எந்த நாள்? ஊரே கல்லறை மேட்டில் கூடிப் பூ வைத்துச் சாப்பிடும் அலங்கார ஞாயிறு. டாரா லின் போன் செய்தாள்.

"அம்மா, அன்னைக்கு ஒரு நாள் வீட்டுக்குள்ளயே இரேன். பொய்யின்னு தெரிஞ்சா படம் போச்சு. ரேடியோக்காரனும் அப்புறம் என்னைத் தொடமாட்டான்."

"கோழிக் குழம்புல போடுற மாவுருண்டை யாருடி செய்வா?"

"செத்தவ செய்ய வேண்டாம்."

"அப்ப ஒவெல்லா செய்வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டெல்ஃபா செத்துப்போனாள், வந்திருப்பது அக்கா ஒவெல்லா என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம். போதகர் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்றார். யாராவது கேட்டால் இருமிவிடுவதாக ஒத்துக்கொண்டார். மனுஷர் நாள் பூராவும் இருமினார். கிம்பல் அம்மாள் பாவம் பார்த்து அவருக்குத் தொண்டை மிட்டாய் கொடுத்தாள். தேவதாரு மரத்தடியில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பழைய கல் கிடக்கிறதே, அதற்கு நானே காகிதப் பூ வைத்தேன். கீழே இருப்பது யாரோ கோவேறு கழுதை வியாபாரி என்கிறார் ஹோபர்ட். நல்ல மனுஷராம்.

டாரா லின் கல்லுக்கு முன்னால் நின்று பாடினாள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்தத்தான் கைக்குட்டை கொண்டு போனேன், அது வேறு வேலைக்குப் போய்விட்டது. நான் எப்போதும் என் சாவு வருகிற சரணத்தைத்தான் காது கொடுத்துக் கேட்பேன். அன்றைக்குத்தான் இரண்டாவது சரணத்தைக் கேட்டேன். அம்மா ஊரில் எல்லாரையும் சிரிக்க வைப்பாளாம், தன் பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லைதான்.

கிம்பல் அம்மாள் பக்கத்தில் நிற்கிறாள், நான் என்ன செய்ய? "உங்கம்மா இருந்திருந்தா, நல்லாப் பாடுறடின்னு சொல்லியிருப்பா" என்றேன்.

"இருந்தப்பவே சொன்னதில்லையே, பெரியம்மா."

"அவ அப்படித்தான், வாய் முழுக்கக் கிண்டல். அவளுக்குப் பதிலா நான் சொல்றேன், வெச்சுக்கோ. நல்லாப் பாடுறடி."

என் கையைப் பிடித்தவள், சாப்பாடு முடிகிறவரை விடவில்லை. நான் இடது கையால் சாப்பிட்டேன். கிம்பல் அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, கார் பானட்டிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்டில் படம் ஆரம்பம். யாராவது உனக்குப் போன் செய்தால், நீ இங்கே வந்திருந்தாய், மாவுருண்டை செய்தாய், உன் தங்கை போய் மூன்று வருஷம் ஆகிறது. இதற்கு மேல் பேசாதே, முழங்கால் வலி என்று வைத்துவிடு. இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கர்த்தர் உன் வீட்டுக் கூரையையும் உன் முழங்காலையும் தாங்குவாராக. இப்படிக்கு, உன் மறைந்த தங்கை,
டெல்ஃபா ஸ்டாம்பர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லாரி வந்துவிட்டது. கிம்பல் அம்மாள் மனசு கேட்காமல் தன் செலவில் பளிங்குக் கல் ஒன்று அனுப்பியிருக்கிறாள். என் பெயர், பிறந்த நாள், போன நாள், ஓரத்தில் ஒரு புறா. நல்ல வேலைப்பாடு. லாரிக்காரர் ரசீதை நீட்டினார். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் என் பெயரையே போட்டுவிட்டேன். அவர் ரசீதில் உள்ள பெயரையும் கல்லில் உள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியா இருக்கும்மா" என்று சொல்லி, கிம்பல் அம்மாள் ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய உறையில் அதைப் போட்டுக்கொண்டு போனார்.