ஊக்கு அண்ணனின் ஒன்ஸ் மோர்

பங்க் இசையை உலகத்துக்குக் கொண்டுவந்தது யார் என்பதில் ஆயிரம் சண்டை இருக்கலாம். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தது எங்கள் ஊக்கு அண்ணன்தான், இதில் சண்டைக்கே இடமில்லை. அவர் கொண்டுவந்தது என்ன என்பதுதான் எங்கள் தெருவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவருக்கு மிளகுக் கிடங்கில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், வெலிங்டன் தீவில் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த பங்க் கேசட்டைக் கேட்டுவிட்டு, சட்டை முழுக்க ஊக்கைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார். சமூகத்தை மிரட்டுகிற உடுப்பாம் அது. பக்கத்து வீட்டு செல்லம்மக்காதான் முதலில் மிரள வேண்டியவர்.

"பட்டனெல்லாம் போச்சா தம்பி? கழட்டித் தா, தச்சுத் தாரேன்."

"இது ஸ்டைலாக்கும் அக்கா."

"ஆகட்டும். ரெண்டெண்ணம் எனக்குத் தா, சேலையில குத்தணும்."

அதற்குப் பிறகு கல்யாணத்துக்குக் கிளம்பும் பெண்களெல்லாம் அவர் வீட்டு வழியாகத்தான் போனார்கள். அண்ணனும் முறைத்துக்கொண்டே கழற்றிக் கொடுப்பார்.

குழுவில் மூன்று பேர். அண்ணன் கிட்டாரை அடித்துக்கொண்டு கத்துவார். வர்க்கி இன்னொரு கிட்டார். கல்யாண பேண்டில் டிரம் வாசித்த குமார் மூன்றாவது ஆள். குழாயில் தண்ணீர் வராதது பற்றி ஒரு பாட்டு உண்டு. பாட்டு தொடங்கிவிட்டது என்று நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும். பிறகு அண்ணன் வர்க்கி கையில் ஒரு கீபோர்டைக் கொடுத்து, "இனி நம்ம நியூ வேவ்" என்று அறிவித்தார். பங்க் இசைக்கு அடுத்து வந்த பாணியாம் அது. எங்களுக்கு எட்டியவரை, கத்தலோடு கீபோர்டும் சேர்ந்து கத்தியது.

இதற்கிடையில் அண்ணனின் மாமா துபாயிலிருந்து அவருக்கு விசா அனுப்பிவிட்டார். அந்த வாரம் கோவில் திருவிழாவில் கானமேளைக்கு வரவேண்டிய கோஷ்டி வராமல் போக, வேறு வழியில்லாமல் கமிட்டி இவர்களை மேடையேற்றியது. கானமேளை என்றால் எங்களூரில் மூன்று மணி நேர மெல்லிசைக் கச்சேரி.

அண்ணன் என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார்: "ஒருத்தன் ஒன்ஸ் மோர் கேட்டா போதும்டா, இங்கயே கிடப்பேன். கேக்கலேன்னா கிட்டாரை வித்துட்டு பிளேன் ஏறிடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், இருந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டம் கடலையைக் கொறித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர், "மைக்கு சரியாச்சா மோனே?" என்று கேட்டார்.

கமிட்டி செக்ரட்டரி மேடையேறி, மிகுந்த மரியாதையோடு அண்ணனிடம் சொன்னார்: "டெஸ்டிங் போதும் அண்ணா. இனி முதல்லேர்ந்து தொடங்கிக்கோங்க."

அண்ணன் குமார் பக்கம் திரும்பினார். அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

"கேட்டியா குமாரே? ஒரு பாட்டு இல்லடா. மொத்தப் புரோகிராமும் ஒன்ஸ் மோர் கேக்கறாங்க."

அந்த மாமாவைப் பிடித்து வேறொரு விசா வாங்கி, துபாய்க்குக் கடைசியில் வர்க்கிதான் போனான். அண்ணனும் குமாரும் இன்னும் சில வருஷம் எங்கள் காதைப் பதம் பார்த்தார்கள். செக்ரட்டரி சொன்னது என்ன என்பதை அண்ணனுக்கு எடுத்துச் சொல்ல எங்கள் தெருவில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவர் பாட்டு ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. அவர் போகாமல் இருந்துவிட்டதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்பது மட்டும் நன்றாகவே புரிந்தது.